ஐந்து நிமிடத்துக்கு ஒரு முகம்: சிகாகோவின் கிரவுன் நீரூற்று

சிகாகோவில் மிச்சிகன் அவென்யூவும் மன்றோ தெருவும் சந்திக்கும் இடத்தில், மில்லினியம் பூங்காவின் தென்மேற்கு மூலையில், இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒவ்வொன்றும் 50 அடி உயரம், 23 அடி அகலம், பக்கவாட்டில் 16 அடி. இரண்டுக்கும் நடுவில் 232 அடி நீளமும் 48 அடி அகலமும் கொண்ட கறுப்பு கிரானைட் தளம். அதன்மேல் உள்ளங்கால் நனையும் அளவுக்கே நீர். ஒன்றையொன்று பார்க்கும் பக்கங்களில் நகரவாசி ஒருவரின் முகம் கோபுரம் முழுக்க விரிகிறது. கண் மெல்லச் சிமிட்டுகிறது. கடைசியில் உதடு குவிகிறது, வாயிலிருந்து நிஜ நீர் பாய்கிறது. பிறகு ஒரு புன்னகை. அந்த முகம் மறைந்து வேறொருவர் வருகிறார்.

ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் 1955-ல் பிறந்த சிற்பி ஜாவுமே பிளென்சா வடிவமைத்த இந்தப் படைப்பு 2004 ஜூலையில் திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் டாலர். பல இன மக்கள் வாழும் ஊரைப் பற்றிய சிற்பம் கேட்டால் கோத்த கைகள், உலக உருண்டை, கொடிகள் என்று வடிவம் வந்துவிடுவது வழக்கம். அவற்றை ஒருமுறை பார்த்தவர் மறுமுறை நின்று பார்ப்பதில்லை. கிரவுன் நீரூற்றில் மக்கள் மணிக்கணக்கில் நிற்கிறார்கள், தெரியாதவர்களோடு நனைகிறார்கள். இது எப்படி நேர்கிறது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. எங்கள் பார்வையில் விடை கருத்தில் குறைவாகவும் அளவுகளில் அதிகமாகவும் இருக்கிறது: நீரின் கனம், படத்தின் வேகம், கண்ணாடியின் நிறம், வாய் இருக்கும் இடம்.

வேலை கைக்கு வந்த விதம்

1999 இறுதியில் சிகாகோவின் செல்வந்தக் குடும்பமான லெஸ்டர் கிரவுன் குடும்பம் பூங்காவில் ஒரு நீரூற்றுக்கு நிதியளிக்க முன்வந்தது. பிளென்சாவோடு வடிவமைப்பாளர் மாயா லின், கட்டடக்கலைஞர் ராபர்ட் வென்சூரி ஆகியோரின் யோசனைகளும் பரிசீலிக்கப்பட்டன. 2000 தொடக்கத்தில் பிளென்சா தேர்வானார். கட்டுமான வடிவமைப்பைச் சிகாகோவின் குரூக் அண்ட் செக்ஸ்டன் கட்டடக்கலை நிறுவனம் ஏற்றது.

ஐரோப்பியப் பழங்கட்டடங்களில் மழைநீர் பூத முகங்களின் வாய்வழியே கொட்டும். அபிஷேக நீர் வெளியேறும் நம் கோயில் கோமுகத்துக்கு உறவான ஏற்பாடு அது. பிளென்சா அந்தப் பழைய உருவத்தை எடுத்துக்கொண்டு, பூதம் இருந்த இடத்தில் ஊர்க்காரர்களை அமர்த்தினார். யோசனை இந்த ஒரே வரிதான். அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த இடங்களில்தான் வேலையின் கனம் முழுதும் இருந்தது.

முகங்களைச் சேகரித்தல்

படப்பிடிப்பு 2001-ல் தொடங்கியது. சிகாகோ கலைக் கழகப் பள்ளியின் மாணவர்கள் ஏறத்தாழ 20 பேர் இதில் பணிபுரிந்தார்கள். இன, சமூக, மத அடிப்படையிலான சுமார் 75 அமைப்புகளிடம் ஆட்களை அனுப்பும்படி கேட்கப்பட்டது. இது முக்கியமான முடிவு. பொது அழைப்பு ஒன்றை வெளியிட்டு, வருகிறவர்களைப் படம் எடுத்திருந்தால், கலை நிகழ்ச்சிகளுக்கு ஏற்கெனவே போய்ப் பழகியவர்கள்தான் வந்திருப்பார்கள். சபை, சங்கம், வழிபாட்டிடம் வழியாகப் போனதால், அருங்காட்சியகப் படி ஏறியிராதவர்களும் நாற்காலிக்கு வந்தார்கள். பன்முகத்தன்மையைக் காட்ட விரும்பும் எந்தப் படைப்புக்கும் ஆள் திரட்டும் வழிதான் முதல் வடிவமைப்பு. கேமரா அதற்கு அப்புறம்.

பதிவானவர்கள் ஆயிரத்துக்குச் சற்று மேல். பயன்படுத்தத் தகுந்ததாகத் தேறியவை சுமார் 960. மீதி கழிந்ததற்குக் காரணத்தை ஊகிக்க, செய்ய வேண்டியிருந்ததைப் பார்த்தால் போதும். ஒவ்வொருவரும் உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய நாற்காலியில் அமர்ந்து, சோனியின் எச்டிடபிள்யூ-எஃப்900 வகை உயர்தெளிவுக் கேமராவை அசையாமல் பார்க்க வேண்டும். கண்கள் ஒரு கோட்டில், வாய் ஒரு கோட்டில். பிறகு உதட்டைக் குவிக்க வேண்டும், கடைசியில் சிரிக்க வேண்டும்.

வாய்க்கோடு ஏன் அவ்வளவு கறாராக இருந்தது? கோபுரத்தில் நீர் வெளிவரும் நாசில் ஒரே இடத்தில் பொருத்தப்பட்டது. அதை நகர்த்த முடியாது. முகம்தான் அதற்கு ஏற்ப அமைய வேண்டும். 50 அடி உயரப் படத்தில் ஒரே ஒரு சதவீதம் பிசகினால் வாய் அரை அடி மேலேயோ கீழேயோ போய்விடும். அப்போது நீர் மூக்கடியிலிருந்தோ முகவாயிலிருந்தோ பாயும், பார்ப்பவர் மனத்தில் மாயை கலைந்து குழாய் மட்டும் மிஞ்சும். குழந்தையின் முகமும் தாடிவைத்த முதியவரின் முகமும் ஒரே அளவில்லை. கண்ணுக்கும் வாய்க்கும் உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும். ஏற்றி இறக்கும் நாற்காலி தேவைப்பட்டது அதனால்தான். படத்தொகுப்பில் சிறிதாக்கியும் பெரிதாக்கியும் சரிசெய்யலாம், ஆனால் பெரிதாக்கும்போது தெளிவு குறையும். படப்பிடிப்பிலேயே சரியாக அமர்த்துவதற்கு ஈடில்லை.

நேரக் கணக்கும் இப்படியே கட்டப்பட்டது. ஒருவரின் 80 விநாடிப் பதிவு மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஓடி 4 நிமிடமாகிறது. உதடு குவியும் பகுதி சுமார் 15 விநாடி. நீர் பாய்வது சுமார் 30 விநாடி. பின் புன்னகை. மொத்தம் ஏறத்தாழ 5 நிமிடம்.

மூன்றில் ஒரு பங்கு வேகம் என்பது மிக நுட்பமான தேர்வு. இயல்பான வேகத்தில் கண் சிமிட்டல் ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குதான், கவனிப்பதற்குள் முடிந்துவிடும். மூன்று மடங்கு நீட்டினால் ஒரு விநாடி ஆகும், இமை இறங்குவதும் ஏறுவதும் தனித்தனியாகத் தெரியும். இன்னும் மெதுவாக்கியிருந்தால் முகம் உறைந்த புகைப்படமாகியிருக்கும். இந்த வேகத்தில் ஆள் உயிரோடிருக்கிறார், அவசரம் மட்டும் இல்லை. பேருந்திலோ கடை வரிசையிலோ எதிரில் இருப்பவரை நான்கு நிமிடம் இமைக்காமல் பார்க்க முடியுமா? அது மரியாதைக் குறைவு. இங்கே அந்த அனுமதி கிடைக்கிறது. வேறு நிறமும் வேறு சாயலும் கொண்ட ஒருவரைக் கூச்சமின்றி, முழுதாக, நீண்ட நேரம் பார்க்கிறோம்.

முகத்தருகே பெயர் இல்லை, பூர்விகம் இல்லை, தொழில் இல்லை. சட்டகம் மிக நெருக்கமாக வெட்டப்பட்டிருப்பதால் பெரும்பாலான முகங்களில் தலைமுடியும் காதும்கூடத் தெரிவதில்லை. ஆடையையும் அணிகலனையும் வைத்து ஒருவரை இன்ன கூட்டம் என்று வகைப்படுத்தும் பழக்கத்துக்கு இங்கே பிடிமானம் கிடைக்காது. பண்பாட்டு வேறுபாட்டைப் பேச வந்த படைப்பு பண்பாட்டு அடையாளங்களை ஏன் நீக்க வேண்டும் என்று ஒருவர் குறை சொல்லலாம். அதில் நியாயம் உண்டு. முகத்தோடு சேர்ந்தே வாழும் தலைப்பாகையும் முக்காடும் பொட்டும் சிலருக்கு வெறும் அலங்காரம் இல்லை. ஆனாலும் இந்தத் தேர்வை நாங்கள் ஏற்கிறோம். அடையாளங்களை முன்னிறுத்தியிருந்தால் கோபுரம் மக்கள் வகைகளின் காட்சிப் பலகையாகிவிடும். இப்போது அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

இதுபோன்ற பதிவில் வழக்கமாகக் கோட்டைவிடும் இடம் ஒளி. விளக்கை ஒரே அளவில் நிறுத்திவைத்து எல்லாரையும் எடுத்தால், வெளிர் தோலுக்குப் பொருந்தும் ஒளியில் கருத்த தோலின் கன்னமும் கண்ணோரமும் நிழலில் கரைந்துவிடும். கருத்த தோலுக்கு ஏற்றபடி வைத்தால் வெளிர்ந்த நெற்றி வெளுத்துப்போகும். ஆளுக்கு ஆள் ஒளியை அளந்து மாற்ற வேண்டும், நிறச் சரிபார்ப்பு அட்டையை ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் காட்டியெடுக்க வேண்டும். சமத்துவம் பேசும் சிற்பத்தில் சிலர் தெளிவாகவும் சிலர் இருட்டாகவும் தெரிந்தால் வேறு எந்தத் திறமையும் அதை ஈடுகட்டாது.

கண்ணாடி

எல்.இ.டி. திரையை அப்படியே நிறுத்தியிருந்தால் அது விளம்பரப் பலகை. அதைச் சிற்பமாக்கியது முன்னால் நிற்கும் கண்ணாடிச் சுவர். ஒரு கண்ணாடிச் செங்கல் 10 அங்குல நீளம், 5 அங்குல உயரம், 2 அங்குலக் கனம். இரு கோபுரங்களுக்கும் சேர்த்து 22,500 கற்கள், கோபுரத்துக்கு 11,250. கணக்குப் போட்டுப் பார்த்தால் அளவுகள் ஒத்துப்போவது தெரியும்: கோபுரத்தின் சுற்றளவு 78 அடி, உயரம் 50 அடி, நான்கு பக்கப் பரப்பு 3,900 சதுர அடி. ஒரு கல்லின் முகம் 50 சதுர அங்குலம், 11,250 கற்களுக்கு ஏறத்தாழ 3,906 சதுர அடி. இணைப்புகளுக்கென்று இடமே விடப்படாதது போன்ற நெருக்கம்.

கற்களைப் பென்சில்வேனியாவின் எல்.ஈ. ஸ்மித் கண்ணாடி நிறுவனம் வார்த்தது. உருகிய கண்ணாடியை வார்ப்பிரும்பு அச்சுகளில் கையால் ஊற்றிச் செய்தார்கள். சாதாரணக் கண்ணாடியில் இருக்கும் இரும்புச் சத்து பச்சைச் சாயல் தரும். சன்னல் கண்ணாடியின் வெட்டு விளிம்பைப் பார்த்தாலே அது தெரியும். கனம் கூடக் கூடப் பச்சையும் கூடும். 2 அங்குலக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வரும் மனிதத் தோலுக்கு அந்தச் சாயல் நோயாளியின் நிறத்தைக் கொடுத்துவிடும். ஆகவே பச்சையில்லாத வெண்கண்ணாடி தேர்ந்தெடுக்கப்பட்டது. கல்லின் ஆறு பக்கங்களில் ஒன்று வழவழப்பானது, ஐந்து சொரசொரப்பானவை. பின்னாலிருக்கும் ஒளிப்புள்ளிகளைக் கண்ணாடி கலைத்துக் கலக்கிவிடுவதால், அருகில் போனாலும் புள்ளிகள் துருத்தித் தெரிவதில்லை. கற்களின் கோடுகள் முகத்தின்மேல் மெல்லிய வலையாகப் படிந்து, அதைக் கட்டப்பட்ட ஒன்றாகக் காட்டுகின்றன.

எடை எவ்வளவு? ஒரு கல் சுமார் 4 கிலோ. கோபுரத்துக்குக் கண்ணாடி மட்டும் ஏறத்தாழ 46 டன். அடிவரிசைக் கல் நசுங்கிவிடுமோ என்று தோன்றலாம். அந்த அச்சம் தேவையில்லை. 50 அடிக் கண்ணாடி அடியில் தரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோகூட இல்லை, கண்ணாடி அதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் தாங்கும். ஆபத்து வேறிடத்தில். 2 அங்குலக் கனச் சுவரை 50 அடிக்கு எழுப்பினால் உயரம் கனத்தைப்போல் 300 மடங்கு, காற்று ஒருமுறை தள்ளினால் நிற்காது. ஏரிக்கரை நகரமான சிகாகோவின் காற்றோ சும்மா இருப்பதில்லை. எனவே கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படவில்லை. 5 அடி உயரமும் 16 அல்லது 23 அடி அகலமும் கொண்ட துருவேறா எஃகுச் சட்டங்களில், சட்டத்துக்குச் சுமார் 250 கற்கள் என்று பதிக்கப்பட்டன. சட்டங்களின் எடையும் காற்றின் தள்ளலும் உள்ளே மறைந்திருக்கும் எஃகுக் கட்டமைப்புக்குப் போகின்றன.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று வெப்பம். எஃகும் கண்ணாடியும் ஒரே அளவில் விரிவதில்லை, துருவேறா எஃகு ஏறக்குறைய இருமடங்கு விரியும். குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 20, கோடையில் 35 செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால், 23 அடி அகலச் சட்டத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 3 மில்லிமீட்டர். இறுகிய சிமென்ட் கலவையால் பூசியிருந்தால் அந்த 3 மில்லிமீட்டர் ஓரக் கற்களைப் பிளந்துவிடும். நெகிழும் இணைப்புதான் தாங்கும். கண்ணாடியும் எஃகும் நேரடியாக முட்டும் ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது, விரிசல் தொடங்குவது அங்கேதான்.

நீர்

நடுத்தளத்தின் பரப்பு ஏறத்தாழ 1,035 சதுர மீட்டர். அதாவது நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தால் தளத்தில் 1,000 லிட்டர் கூடுகிறது. பரந்து தெரிந்தாலும் இருக்கும் நீர் மிகக் குறைவு. அவ்வளவு மெல்லிய நீரைப் பரவலாக நிற்கவைக்கத் தளம் மட்டமாக இருந்தாக வேண்டும். மழைநீர் வடியச் சாதாரண நடைதளத்துக்குக் கொடுக்கும் நூற்றுக்கு ஒன்று சரிவை இங்கே கொடுத்தால், 70 மீட்டர் நீளத்தில் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 70 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். ஆயிரத்துக்கு ஒன்று கொடுத்தால்கூட 7 சென்டிமீட்டர், ஒரு முனை காய்ந்து மறு முனை குட்டையாகும். கிரானைட் பலகைகளை மில்லிமீட்டர்க் கணக்கில் பதிக்க வேண்டியிருக்கும் தளம் இது. பூங்கா முழுதும் கார் நிறுத்தங்களுக்கும் ரயில் தடத்துக்கும் மேலே அமைந்திருப்பதால் நீர்க்காப்புப் படலத்தில் கசிவு வந்தால் கீழே சொட்டும் என்பதையும் மறக்க முடியாது.

இவ்வளவு பாடுபட்டு நீரை மெல்லியதாக்கியதன் பயன், அங்கே யாரும் நுழையலாம். சுற்றுச்சுவர் இல்லை, ஏறி இறங்கப் படியில்லை. மூழ்கும் ஆழம் இல்லாததால் கைக்குழந்தையோடு வருபவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் நடுவரை போகலாம். ஆழமான குளமாக இருந்திருந்தால் வேலி வந்திருக்கும். வேலி வந்திருந்தால் கோபுரங்கள் தூரத்துக் காட்சியாக மட்டும் நின்றிருக்கும்.

பிறகு அந்தக் காத்திருப்பு. நான்கு நிமிடம் முகத்தைப் பார்த்தவர்களுக்கு உதடு குவியும்போது என்ன வரப்போகிறது என்று தெரியும். குழந்தைகள் நாசிலுக்கு அடியில் நெருக்கியடிக்கிறார்கள், பெற்றோர் செருப்பைக் கையில் எடுக்கிறார்கள். நீர் கொட்டும் அரை நிமிடம் யாரும் யாருக்கும் அந்நியரில்லை. நீர் நின்றதும் கலைந்து, அடுத்த முகத்துக்குக் காத்திருக்கிறார்கள். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை கொட்டியிருந்தால் அது நீர்விளையாட்டு இடம், முகத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அரை மணிக்கு ஒருமுறை என்றால் கூட்டம் நின்றிருக்காது. அதே பூங்காவிலிருக்கும், கண்ணாடிபோல் பளபளக்கும் அனிஷ் கபூரின் கிளவுட் கேட் சிற்பத்தின் முன்னால் மக்கள் தங்கள் பிம்பத்தைத் தேடுகிறார்கள். இங்கே பிறர் முகத்துக்காகக் காத்திருக்கிறார்கள். இரண்டும் நல்ல படைப்புகள்தான், மனிதரை மனிதரோடு சேர்த்துவைப்பதில் எங்கள் மதிப்பீடு கோபுரங்களின் பக்கம்.

கேமரா வந்ததும் போனதும்

2006-ல் கோபுரங்களின் உச்சியில் பாதுகாப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டன. மக்கள் எதிர்த்தார்கள், சில நாட்களில் அகற்றப்பட்டன. இந்தச் சிறு நிகழ்வு படைப்பின் அடித்தளத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கோபுர முகம் நம்மைப் பார்ப்பது போலிருக்கிறது, ஆனால் எதையும் பதிவதில்லை. அந்த நம்பிக்கையில்தான் மக்கள் நனைந்த உடையோடு அங்கே நிற்கிறார்கள். அதே கோபுரத்தில் உண்மையாகவே கண்காணிக்கும் கண் ஒன்று வந்தால் பார்வையின் பொருளே மாறிவிடும். பொது இடச் சிற்பத்தில் பின்னாளில் சேர்க்கப்படும் விளக்கு, கேமரா, அறிவிப்புப் பலகை எதுவானாலும், வடிவமைத்தவரோடு கலந்துபேசிச் சேர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பது நல்லது.

பராமரிப்பில் பழுதாகும் இடங்கள்

மே முதல் அக்டோபர் வரை நீர் ஓடும், முகங்கள் ஆண்டு முழுதும். உறைபனிக்கு முன்னால் குழாய்களிலும் நாசிலிலும் துளி நீர் தங்காமல் வடித்தாக வேண்டும். தங்கிய நீர் பனிக்கட்டியாகி 9 சதவீதம் பெருத்து, குழாயை வெடிக்கவைக்கும்.

மக்கள் கால்வைத்து விளையாடும் நீர் நீச்சல்குள நீருக்குச் சமம். இதுபோன்ற நீரில் தனிக் குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், அமிலகார அளவு (pH) 7.2 முதல் 7.8 என்பது பொதுவான வரம்பு. மெல்லிய நீர் வெயிலில் சீக்கிரம் சூடாகும், சூட்டிலும் வெளிச்சத்திலும் குளோரின் சீக்கிரம் தீரும். எனவே காலையில் சேர்த்தோம் என்று விட்டுவிட முடியாது, தானியங்கி அளவீடு வேண்டும். குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற கிருமிக்குப் புறஊதா ஒளிச் சுத்திகரிப்பு சேர்ப்பதே சரி.

கண்ணாடியில் வழியும் நீர் காயும்போது சுண்ணாம்புப் படலம் விட்டுச்செல்லும். முகத்தின்மேல் வெண்திரை விழுந்தது போலத் தெரியும். கெட்டியான பிறகு அமிலம் போட்டுத் துடைத்தால் இணைப்புப் பசை கெடும். வாரந்தோறும் துடைப்பதே மலிவு.

எல்.இ.டி. விளக்கு ஒரே நாளில் அணைவதில்லை, ஆண்டுகளாக மங்கும். 50,000 மணி நேர ஆயுள் என்றால் இடைவிடாமல் ஓடும் திரையில் ஆறாண்டுகூடத் தேறாது. கெட்டுப்போன பகுதிக்குப் புதுப் பகுதி மாட்டும்போது அது சுற்றியிருப்பதைவிடப் பளிச்சென்று எரியும். விளம்பரத் திரையில் அதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். முகத்தில் அது கன்னத்துத் தழும்பாகத் தெரியும். புதியதன் ஒளியை இறக்கிப் பழையதோடு இணக்க வேண்டும், அதற்கு முதலிலேயே ஒரே உற்பத்தித் தொகுப்பிலிருந்து உதிரிகளை வாங்கி வைத்திருக்க வேண்டும்.

தொகுப்பு வயதாகிறது

முகங்கள் எந்த வரிசையிலும் வருவதில்லை, கணினி குலுக்கிப் போடுகிறது. 5 நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 12. ஒரு கோபுரத்தில் 960 பேரும் ஒரு சுற்று வர, முகங்களுக்கு இடையே வரும் வேறு காட்சிகளைக் கணக்கில் சேர்க்காமலே 80 மணி நேரம் ஆகும். தன் முகத்தைப் பார்க்கலாம் என்று வந்தவர் வேறு பலரைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போக வேண்டும். மிக நல்ல விளைவு இது.

ஆனால் அந்த 960 பேரும் இருபதாண்டுகளுக்கு முந்தைய சிகாகோ. அன்று நாற்காலியில் உட்கார்ந்த சிறுவர்கள் இன்று பெரியவர்கள். அதன் பிறகு ஊருக்குக் குடிவந்தவர்களுக்குக் கோபுரத்தில் இடமில்லை. வளரும் தொகுப்பாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் தொடக்கத்தில் இருந்தது, புதுப் பதிவுகள் தொடரவில்லை. தொடர்வது நியாயம் என்றே நினைக்கிறோம். அதில் உள்ள சிரமமும் சின்னதில்லை. இன்றைய கேமரா பழையதைவிடப் பல மடங்கு தெளிவானது. அந்தத் தெளிவை அப்படியே ஏற்றினால் புதிதாக வந்தவர் மட்டும் கூர்மையாகவும் பழையவர் மங்கலாகவும் தெரிவார்கள், சமமாக அமர்த்திய 960 பேரின் வரிசை குலைந்துபோகும். புதுப் பதிவின் தெளிவைப் பழைய அளவுக்கு இறக்கி, ஒளியின் திசையையும் சட்டகத்தின் வெட்டையும் பழைய பதிவுகளிலிருந்து அளந்தெடுத்து, கண்கோட்டையும் வாய்க்கோட்டையும் அதே இடத்தில் வைத்தே சேர்க்க வேண்டும். நாற்காலியின் உயரம், விளக்கு நின்ற தூரம், கேமராவின் இடைவெளி ஆகிய குறிப்புகளை முதல் படப்பிடிப்பு முடிந்த அன்றே தாளில் எழுதிப் பெட்டியில் வைப்பவர்களுக்குத்தான் இந்த வேலை எளிதாகும்.